ஓடை ஓரச் சுவரில் எங்கள் ஊர்

கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, மூலம் பவுத்திரம் சிகிச்சை, வீட்டுமனை விற்பனை, கட்சி மாநாடு. கடலூரில் எங்கள் நகருக்குப் பின்னால் ஓடையை ஒட்டிப் போகும் பாதையின் சுவரில் பல வருடங்களாக இருந்தவை இவைதான். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, ஐப்பசி மழையில் ஊறி, சித்திரை வெயிலில் காய்ந்து, பட்டை பட்டையாகத் தொங்கும். அதற்குக் கீழே சிறுநீர்க் கறை. அதற்கும் கீழே பிளாஸ்டிக் டம்ளர்கள்.

இன்று அதே சுவரில் பங்குனி ஆமை இருக்கிறது, பலா மரம் இருக்கிறது, ஒரு பழைய பீரங்கி இருக்கிறது, விடுதலைப் போராட்ட வீரர் அஞ்சலை அம்மாள் இருக்கிறார், நீளமாகச் சிக்குக் கோலம் ஓடுகிறது. எப்படிச் செய்தீர்கள் என்று பல ஊர்களிலிருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வரைந்த நாள்களைவிட எதை வரைவது, யார் வரைவது என்று பேசிய நாள்கள்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையிலும் அந்தப் பேச்சே அதிகமாக இருக்கும்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் கடலூர். இரண்டு ஆறும் இங்கேதான் கடலில் சேர்கின்றன. நடுவில் சின்னச் சின்ன வடிகால் ஓடைகள் நிறைய. எங்கள் பாதை அப்படி ஓர் ஓடையின் கரை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவர், அதைத் தொடர்ந்து சில தனியார் மதில்கள். பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். கார் நுழைய முடியாத அகலம். விடியற்காலையில் சர்க்கரைக்காக நடப்பவர்கள் வருவார்கள். எட்டு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், பாதிப் பேர் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில். அதே நேரத்தில் கடற்கரைப் பக்கத்திலிருந்து மீன்காரப் பெண்கள் தலையில் அன்னக்கூடையோடு வேக வேகமாக நடந்து ஊருக்குள் போவார்கள். பொழுது சாய்ந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். பெண்கள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நகர் நலச் சங்கக் கூட்டத்தில் அந்தச் சுவரைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது முதலில் வந்த யோசனை சாமி படம் போட்ட டைல்ஸ் பதிப்பது. தமிழ்நாடு முழுக்க இருக்கிற பழக்கம்தான். மூன்று மதச் சின்னங்களும் வரிசையாக இருந்தால் அங்கே யாரும் அசிங்கம் செய்யமாட்டார்கள் என்பது கணக்கு. பள்ளித் தலைமையாசிரியை அதை ஏற்கவில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் சாமியைக் காவலுக்கு நிறுத்துவது சாமிக்கும் மரியாதை இல்லை, மனிதனுக்கும் மரியாதை இல்லை என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். பயமுறுத்தினால் ஆட்கள் சுவரைவிட்டுத் தள்ளிப் போவார்கள். எங்களுக்கோ ஆட்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வர வேண்டியிருந்தது, நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஆள் நிற்கிற பாதையில்தான் இன்னோர் ஆள் தைரியமாக வருவார்.

அடுத்த யோசனை, யாராவது கல்லூரி மாணவர்களை வரவழைத்து இலவசமாக வரையச் சொல்வது. இதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் ஊரில் சுவரில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை இல்லை.

எங்கள் நகரிலேயே ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்குப் பக்கம். எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் என்பார்கள். கடைப் பலகை, லாரிப் பலகை, சினிமா தட்டி, உர விளம்பரம், தேர்தலுக்குச் சின்னம் என்று எழுதிக் குடும்பம் நடத்தியவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அச்சாகி மறுநாள் காலையில் தெருவில் நிற்கிற ஃபிளெக்ஸோடு கையால் எழுதுகிறவர் எப்படிப் போட்டி போடுவார்? பலர் வீட்டு பெயிண்டிங்குக்குப் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். அண்ணனுக்கு மிஞ்சியது தேர்தல் காலம் மட்டும். அதிலும் தேதி அறிவித்ததும் அதிகாரிகள் வந்து சுண்ணாம்பு அடித்து அழித்துவிடுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எழுதுவது, எழுதியது அழிவது என்று போயிற்று அவர் தொழில்.

அவரைப் பார்க்கப் போனோம். "இலவசமா செய்யணுமா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, நாள் கூலி, பெயிண்டர் கூலிக்கு மேலே, வரைவதற்குத் தனியாக என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சுவத்த நான் வந்து பாக்கறேன். அதுக்கப்புறம் என்ன வரையலாம்னு பேசுங்க" என்றார்.

பொது நன்மைக்குத்தானே என்று சொல்லிக் கைவேலைக்காரரின் கூலியைக் குறைப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. கொத்தனாரிடம் அப்படிக் கேட்பதில்லை. சிமென்ட் கடையில் அப்படிக் கேட்பதில்லை. ஓவியரிடம் மட்டும் கேட்கிறோம். எங்கள் சங்கத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தோம், முடியாதவர்களிடம் கேட்கவில்லை. கூலி வாரக் கடைசியில் கைக்குப் போய்விடும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டோம்.

அண்ணன் வந்து சுவரைப் பார்த்தார். படம் வரையும் கனவோடு நின்றுகொண்டிருந்த எங்களை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து காரையை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. "உப்பு பூத்திருக்கு" என்றார். கடற்கரை ஊர், ஓடைக் கரை, போதாக்குறைக்கு மண்ணில் ஈரம். செங்கல் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. ஈரத்தில் கரைந்திருக்கிற உப்பு, சுவரின் வெளிப்பக்கம் வந்து தண்ணீர் ஆவியானதும் படிகமாகத் தங்கிவிடுகிறது. அந்தப் படிகம் வளரும்போது காரையையே பொரித்துத் தள்ளும். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் போட்டு உதிரும். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். இதை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடத்திலும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதனால் தை மாதம் முழுக்கச் சுவர் வேலைதான். சுவரொட்டிகளைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துப் பட்டித்தகட்டால் சுரண்டினோம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். பொரிந்த இடங்களில் காரையை வெட்டி எடுத்துவிட்டுக் கொத்தனார் புதுப் பூச்சு பூசினார். புதுப் பூச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றி, பிறகு நான்கு வாரம் காயவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். பச்சைச் சிமென்டின் காரம் பெயிண்டைத் தின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. தினமும் சைக்கிளை நிறுத்தி, "எப்ப வரையப் போறோம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பட்டி பார்ப்பது பற்றி ஒரு சண்டையே நடந்தது. தனியார் மதில்காரர்கள் இருவர் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று முழுக்கப் பட்டி போடச் சொன்னார்கள். அண்ணன் வேண்டாம் என்றார். ஈரம் ஏறுகிற சுவரில் பட்டி நிற்காது, சொரசொரப்பு இருந்தால் இருக்கட்டும், ப்ரைமர் போதும் என்றார். அவர்கள் மதில், அவர்கள் விருப்பம். அந்த இரண்டு மதிலிலும் பட்டி போட்டோம். பள்ளிச் சுவரில் போடவில்லை. இது பின்னால் வருகிறது.

நிறத்துக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. காவி, மஞ்சள் காவி, கறுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற ரோஸ், ஊதா, எலுமிச்சை மஞ்சள் எல்லாம் இரண்டு கோடையில் வெளுக்கும். அதனால் பெரிய பரப்புக்குச் செம்மண் நிறமும் நீலமும் பச்சையும், வெளுக்கிற நிறங்கள் சின்னச் சின்ன இடத்துக்கு மட்டும், அங்கே மறுபடி தொட்டுவிடலாம். ஊருக்குப் பக்கத்திலிருக்கிற கேப்பர் மலையின் செம்மண் எங்களுக்குத் தெரிந்த நிறம்தான். அந்தச் செம்மண் நிறம் அடியில் ஒரு பட்டையாகப் பாதை முழுக்க ஓடுகிறது. மழையில் தெறிக்கிற சேறு அதில் தெரியாது.

இளவயதில் விழுப்புரம் பக்கம் வேலைக்குப் போனபோது பனைமலைக் கோயிலுக்குப் போயிருக்கிறார் அண்ணன். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில் அது. குடையின் கீழே ஒரு காலை மடக்கி நிற்கிற பார்வதியின் ஓவியம் அங்கே இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஏறத்தாழ 1300 வருடம். "அது நிழல்ல இருக்கு டீச்சர். நம்மளது வெயில்ல நிக்கப் போவுது. அஞ்சு வருசம் நின்னா நல்ல ஆயுசு. அப்புறம் புள்ளைங்க மறுபடி வரையட்டும்" என்றார். நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற ஆசையை அன்றைக்கே விட்டுவிட்டோம். அதனால் வேலை லேசாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையிலும் பிரஷைக் கொடுக்க முடிந்தது.

எதை வரைவது என்பதற்கு வருகிறேன். அன்னம், தாமரை, மரம் நடுவோம் மழை பெறுவோம், எல்லா ஊரிலும் பார்க்கிற தலைவர்களின் முகங்கள் என்று ஒரு பட்டியல் சங்கத்திலேயே தயாராக இருந்தது. தலைமையாசிரியை அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்துப் பாதையில் நிற்க வைத்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வி: இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன? ஒரு வாரத்தில் நோட்டு நிரம்பியது.

பீரங்கி அப்படி வந்ததுதான். தினமும் குண்டு உப்பலவாடியிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு தபால்காரர் சொன்னார். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்குப் பேசிய அளவு, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம். நாலு திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்குப் போயிற்று. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று அந்தப் பெயர்கள் இன்றும் பஸ்ஸில் எழுதியிருக்கின்றன. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. பிள்ளைகளில் பாதிப் பேர் குண்டுசாலையில் குடியிருக்கிறவர்கள், யாருக்கும் தெரியாது. தெரிந்ததும் கோபம் வந்தது அவர்களுக்கு. "நம்ம ஊர இப்படியா அளந்தாங்க?" என்று கேட்டான் ஒருவன். அந்தக் கோபம் படத்தில் இருக்கிறது. பீரங்கியைச் சின்னதாக வைத்து, குண்டு பறக்கிற கோட்டுக்குக் கீழே இருக்கிற வயலையும் வீடுகளையும் ஆட்களையும் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். மேலே பார்க்கிற முகங்கள் எல்லாம் அவர்கள் தெருக்காரர்களின் முகங்கள்.

பலா மரமும் முந்திரியும் பண்ருட்டியிலிருந்து இங்கே வேலைக்கு வருகிற ஒருவர் கேட்டது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. அவர் கேட்டது சாய்ந்த மரத்தை அல்ல. அடிமரத்திலிருந்து உச்சி வரை காய் பிடித்த மரம் ஒன்றை வரையச் சொன்னார். அவருடைய தாத்தா காலத்து மரம் எப்படி நின்றது என்று கையை விரித்துக் காட்டினார். அண்ணன் அந்தக் கையைப் பார்த்துத்தான் கிளைகளைப் போட்டார்.

மீன் வரைந்தபோது அன்னக்கூடைக்காரப் பெண்கள் நின்று திருத்தினார்கள். வஞ்சிரத்தின் உடம்பில் பிள்ளைகள் புள்ளி வைத்திருந்தார்கள். "வரி போடு பாப்பா. குறுக்கால வரி. புள்ளி வெச்சா அது வேற மீனு" என்று சொல்லிவிட்டு ஒருவர் கூடையை இறக்கி மீனையே எடுத்துக் காட்டினார். ஆமைக்கும் திருத்தம் வந்தது. தை முதல் பங்குனி வரை எங்கள் கரையில் ஏறி முட்டையிடுகிற பங்குனி ஆமைக்கு முன்துடுப்பு எவ்வளவு நீளம், ஓடு எந்த நிறம் என்றெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். புத்தகத்தைப் பார்த்து வரைந்த பச்சை நிறத்தை மாற்றிச் சாம்பல் கலந்த பச்சையாக்கினோம்.

கடல் வரைகிற இடம் வந்தது. இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் நன்றாக வரைவான். கடல் அவனுடைய பகுதி. சுவரின் முழு உயரத்துக்கு ஓர் அலையைச் சாக்பீஸால் போட்டு வைத்திருந்தான். அழகான அலை, வளைந்து நுரை தள்ளிக்கொண்டு. மறுநாள் காலையில் வயதான ஒரு மீன்கார ஆயா அதன் முன்னால் கூடையோடு நின்றுவிட்டார். போகவில்லை. நான் அருகில் போனேன். "எம்மா, அவ்ளோ ஒசரத்துக்கு அலை போடச் சொல்லாத. தெனம் இந்த வழியாத்தான் போவணும் நானு" என்றார்.

2004 டிசம்பர் 26. அந்தப் பையன் பிறக்காத வருடம். தேவனாம்பட்டினமும் பக்கத்துக் குப்பங்களும் அன்று காலையில் என்னவாயின என்பதைக் கடலூரில் அன்று இருந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயதுப் பிள்ளைகளுக்கோ அது பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி. அன்று சாயங்காலம் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினோம். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், மறைக்கக் கூடாது என்றார் தலைமையாசிரியை. அவர் சொல்வது நியாயம். ஆனால் தினமும் அந்த வழியாக நடந்தாக வேண்டியவர் கேட்கும்போது, அவருடைய கால்கள்தான் முதலில் என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பொதுச் சுவருக்கும் கண்காட்சிக்கும் வித்தியாசம் உண்டு. கண்காட்சிக்கு மனம் தயாராகிப் போகலாம், வேண்டாமென்றால் போகாமல் இருக்கலாம். மீன் விற்கப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை.

பையன் ஒன்றும் சொல்லாமல் அலையைத் துடைத்தான். பிறகு அவனே ஆயாவிடம் போய் எப்படி வரையட்டும் என்று கேட்டிருக்கிறான். பள்ளி வேப்ப மர நிழலில் உட்கார்ந்து அவர் சொல்ல ஆரம்பித்தார், பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுற்றி உட்கார்ந்தார்கள். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவர்களுக்குச் சொன்னது. இப்போது சுவரில் இருப்பது விடிகாலைக் கடல். இடுப்பு உயரத்துக்குமேல் ஏறாத தண்ணீர், அதன் மேல் ஃபைபர் படகுகள், ஓரத்தில் ஒரே ஒரு கட்டுமரம். படகுகளின் நிறம் எல்லாம் ஆயா சொன்னது.

முகம் என்று நாங்கள் வைத்தது ஒன்றுதான். அஞ்சலை அம்மாள். 1890இல் எங்கள் கடலூர் முதுநகரில் பிறந்தவர். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலத் தளபதி நீலின் சிலையைச் சென்னையில் அகற்றச் சொல்லி 1927இல் நடந்த போராட்டத்தில் சிறை சென்றார். சிறுமியாக இருந்த மகள் அம்மாக்கண்ணுவும் கூடச் சென்றாள். வேலூர்ச் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள், குழந்தை பிறந்ததும் மறுபடி உள்ளே போனார். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடலூருக்கு வந்த காந்தி இவரைச் சந்திக்கக் கூடாது என்று தடை இருந்ததாம். பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போய்ப் பார்த்தார் என்ற கதை இங்கே பெரியவர்கள் வாயில் உண்டு. நாங்கள் வரைந்த நேரத்தில் எந்த ஊரிலும் அவர் முகம் சுவரில் சாதாரணமாகக் கிடைக்காது. அவர் பிறந்த ஊரில்கூடப் பிள்ளைகளுக்கு முகம் தெரியாது என்பது எனக்குத் தாங்கவில்லை. அதனால் பள்ளி வாசலை ஒட்டி, கேட்டுக்கு வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தோம். பெண் பிள்ளைகள் அந்த முகத்தை மட்டும் வேறு யாரும் தொட விடவில்லை.

வரைகிற முறையைச் சொல்கிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். சின்னப் படத்தின் மேல் அங்குலத்துக்கு ஒரு கட்டம். சுவரில் அடிக்கு ஒரு கட்டம். நூலில் நீலப் பொடி தேய்த்து, இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் நேர்க்கோடு விழும். நூல் அடிப்பது என்பார்கள். கட்டம் கட்டமாக அண்ணன் உருவத்தைப் பெரிதாக்கிக் கோடு போடுவார். ஒவ்வொரு பகுதியிலும் ஓர் எண் எழுதுவார். டப்பாவிலும் அதே எண். பிள்ளைகள் எண் பார்த்து நிரப்புவார்கள். கடைசியில் அண்ணன் மெல்லிய பிரஷால் ஓரம் எடுப்பார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984 முதல் ஊர் மக்களை வைத்துச் சுவரோவியம் வரைகிறார்கள். அங்கேயும் எண் போட்ட துணிகளைப் பொது இடங்களில் விரித்து எல்லோரையும் வண்ணம் தீட்ட வைத்து, அந்தத் துணியைப் பிறகு சுவரில் ஒட்டுகிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். "நாங்க சினிமா தட்டிக்கு அப்படித்தானே செஞ்சோம்" என்றார்.

வெளிச்சுவருக்கான எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெயிண்ட், இரண்டு முறை அடித்தால் லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடி வரும். சொரசொரப்பான சுவர் என்றால் இன்னும் குறையும். காலை பத்து மணிக்கு மேல் அடிக்கக் கூடாது. வெயிலில் சுவர் சூடாகி பிரஷ் இழுக்கும்போதே காய்ந்து திட்டுத் திட்டாகத் தெரியும்.

இந்தப் பாதைக்கென்று ஒரு விஷயம் அண்ணன் யோசித்தார். சைக்கிளில் போகிற பிள்ளை சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பத்தடி நீளப் படத்தை ஒரு நொடிக்குள் கடந்துவிடும். நடப்பவருக்கு இரண்டு நொடிக்குமேல் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு படத்திலும் ஒரு பெரிய உருவம், தூரத்திலிருந்தே தெரிகிற ஒன்று, சைக்கிளுக்கு. அதற்குள்ளேயும் அடியிலும் நண்டு, தட்டான், கொக்கு, பலாச்சுளை பொறுக்குகிற அணில் என்று சின்ன உருவங்கள், நடப்பவருக்கு. அதிலும் சில, அம்மாவின் கையைப் பிடித்து நடக்கிற மூன்று வயதுக் குழந்தையின் கண் உயரத்தில். வளைவுக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் வரையவில்லை, வெறும் மஞ்சள் நிறம். அங்கே கண் பாதையில் இருக்க வேண்டும்.

கோலம் வந்தது கடைசியில். எங்கள் தெருப் பெண்கள், பிள்ளைகள் வரைகிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள். மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவர்கள். 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி. தரையில் குனிந்து போட்டுப் பழகிய கைக்குச் சுவர் வேறு. மாவு விரலிலிருந்து விழும், பெயிண்ட் விழாது, இழுக்க வேண்டும். இரண்டு நாள் சாக்பீஸால் பழகினார்கள். பிறகு அவர்களில் ஒருவர் நூல் எதுவும் அடிக்காமல் புள்ளி வைத்துக்கொண்டே போனார். அண்ணன் தன் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தனியார் மதில் முழுக்க இப்போது சிக்குக் கோலம்தான். இழை ஓரிடத்தில் தொடங்கி முழு மதிலையும் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. நடைப்பயிற்சிக்கு வருகிற பெரியவர்கள் விரலால் அதைப் பின்தொடர்ந்துகொண்டே நடக்கிறார்கள்.

சுவரொட்டிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஒட்டாதே என்று எழுதிப் போட நான் விரும்பவில்லை. இறந்தவரின் படத்தைத் தெருவில் ஒட்டுவது எங்கள் பக்கத்தில் துக்கத்தின் ஒரு பகுதி. வேலைக்குப் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் எல்லோருக்கும் சேதி அப்படித்தான் போய்ச் சேரும். அதற்கு ஊரில் ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். பாதையின் இரு முனையிலும் பெரிய பலகை வைத்தோம். அங்கே ஒட்டுகிறார்கள். ஒருமுறை மட்டும் ஆமையின் மேல் ஓர் அஞ்சலி ஒட்டப்பட்டது. பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். அவர்களே வந்து எடுத்துப் பலகையில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

படம் வந்ததாலேயே இருட்டில் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அது உண்மையில்லை. விளக்கு வந்த பிறகுதான் வந்தார்கள். ஆனால் மாநகராட்சியில் விளக்குக்கு மனு கொடுக்கப் போனபோது சுவரில் வேலை செய்த அத்தனை பேரும் கூட வந்தார்கள். வெற்றுச் சுவருக்கு விளக்குக் கேட்க அவ்வளவு பேர் வந்திருக்கமாட்டார்கள்.

அந்த வருடமே வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆற்றோர ஊர்கள் மூழ்கின. எங்கள் ஓடை கடலுக்குப் போக முடியாமல் பின்னுக்கு ஏறியது. பாதை முழுக்கத் தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். பட்டி போட்ட இரண்டு மதிலிலும் கோலத்தின் கீழ்ப்பாதி கொப்புளம் போட்டு உரிந்துகொண்டிருந்தது. பட்டி போடாத பள்ளிச் சுவரில் சேற்றைக் கழுவியதும் ஆமை அப்படியே இருந்தது. அண்ணன் எதுவும் சொல்லவில்லை. மதில்காரர் இருவரும் தாங்களாகவே பட்டியைச் சுரண்டி எடுக்கச் சொன்னார்கள், செலவையும் அவர்களே ஏற்றார்கள்.

தண்ணீர் நின்ற உயரத்தில் சுவர் முழுக்க ஒரு பழுப்புக் கோடு. கழுவலாமா, விடலாமா என்று மறுபடி கூட்டம். இந்த முறை ஆயாவும் வந்திருந்தார். "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சின்னு புள்ளைங்களுக்குத் தெரியணும்" என்று அவரே சொன்னார். அண்ணன் நூல் அடித்து அந்த உயரத்தில் விரல் அகல நீலக் கோடு ஒன்றைப் பாதை முழுக்க இழுத்தார். ஒரே இடத்தில் மட்டும் 2024 டிசம்பர் என்று எழுதியிருக்கிறது. அடுத்த முறை எவ்வளவு உயரத்தில் கட்டிலைத் தூக்கி வைக்க வேண்டும் என்று அந்தக் கோட்டைப் பார்த்து இப்போதே பேசிக்கொள்கிறார்கள்.

ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு நீளச் சுவர் பாக்கி இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறோம். ஆட்டோக்காரர்கள் பழைய குதிரை வண்டி நிறுத்தத்தை வரையச் சொல்கிறார்கள். பிள்ளைகள் கெடிலத்து நீர்க்காகத்தைக் கேட்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை.

அண்ணனிடம் நூல் அடிக்கக் கற்றுக்கொண்ட இரண்டு பெண் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள். பக்கத்து நகரில் ஓர் அங்கன்வாடிச் சுவரை வரைந்துதர முடியுமா என்று போன மாதம் அவர்களைக் கேட்டிருக்கிறார்கள். சுவரைப் பார்க்கப் போனபோது அண்ணனையும் அழைத்துப் போனார்கள். காரையைச் சுரண்டிப் பார்த்து, முதலில் பூச்சு வேலை, பிறகு நான்கு வாரம் காய வேண்டும் என்று சொன்னதும், நாள் கூலி எவ்வளவு, பெயிண்ட் செலவு யாருடையது என்று பேசி முடித்ததும் அந்தப் பெண்கள்தான். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.